பியோர்க் வைத்த சின்னச் சட்டி

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
15.02.2004

அன்பு மகள் சோபிகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். த்ரொண்ட்ஹைமில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் அழைத்தால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "வேலைக்குப் போறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுவாய் என்று எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

இங்கே பனி இன்னும் கரையவில்லை. போன கிழமை ஸ்டேஷன் படியில் அப்பா வழுக்கி விழுந்தார். முழங்காலில் கொஞ்சம் நோவு, வேறொன்றும் இல்லை. உன் அறையில் ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறோம். சாமான்கள் எதையும் தொடவில்லை.

கிறிஸ்மசுக்கு அடுத்த நாள் லில்லெஸ்ட்ரோமில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதை என் கையால் ஒருமுறை எழுத வேண்டும். நீ விரும்பும் ஸ்டியானின் தாய் பியோர்க் எங்களை முதன்முதலாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆட்டு விலா இறைச்சி, அவர்களுடைய பண்டிகைச் சாப்பாடு. எல்லோருக்கும் பெரிய சட்டியில் இருந்து எடுத்து வைத்தார். எனக்கு மட்டும் அடுப்பில் இருந்து ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்தார். முதல் நாள் மிச்சத்தை எனக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அப்போதே மனம் கறுத்துவிட்டது.

வாயில் வைத்தேன். அப்பாவைப் பார்த்துத் தமிழில், "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆஸ்பத்திரியிலை வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு மாதிரிக் கிடக்கு" என்றேன். கைப்பையில் இருந்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, பியோர்க்கின் கண்முன்னே இறைச்சியில் கொட்டினேன். நான் என்ன சொன்னேன் என்று அவர் உன்னைக் கேட்டார். நல்ல ருசி என்று அம்மா சொல்கிறா என்று நீ சொன்னாய். உன் முகம் சிவந்துபோய்விட்டது. வளர்ந்த பிள்ளையை அந்த மேசையில் வைத்துப் பொய் சொல்ல வைத்தேன்.

அதோடு விட்டேனா? ஜனவரி முழுவதும் வேலையிடத்தில் இதைப் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் முதியோர் இல்லத்துக் குசினியில் சமைக்கும் மரியரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அது உப்புப் போட்டுக் காயவிட்ட இறைச்சியெல்லோ. ஒரு நாள் ஊறவிட்டு அவிச்சாலும் உப்பு நிக்கும். உங்களுக்கு மட்டும் எப்பிடி உப்பில்லாமல் வந்தது?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "எனக்கு நல்ல உப்பாத்தான் இருந்தது. மூண்டு கிளாஸ் தண்ணி குடிச்சனான்" என்றார். அதை ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கதைக்கத் துவங்கினால் நான் எங்கை கதைக்கிறது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை தனியாக ரயில் ஏறி லில்லெஸ்ட்ரோம் போனேன். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது இந்த நாட்டில் பிழை என்று தெரியும். பியோர்க் திகைத்தார், ஆனாலும் உள்ளே கூப்பிட்டார். குசினியில், ஃப்ரிட்ஜ் கதவில் உன் கையெழுத்தில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. அம்மாவுக்குப் பிரஷர், உப்பு ஆகாது, மருந்துக் குளிசையும் ஒழுங்காகப் போடமாட்டா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர்களுடைய மொழியில் எழுதியிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு என் பங்கை மட்டும் மூன்று நாள், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தாராம். ருசி போய்விடும் என்று தெரிந்தேதான் செய்தாராம்.

அவர்களுடைய மொழியில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்தது, பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்லும் அந்த ஒரு சொல்தான். அதையே நாலைந்து தரம் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "சோபிகா அன்று இங்கே நின்று கோப்பை கழுவிக்கொண்டே அழுதாள். அவளிடம் சொல்லுங்கள்" என்றார்.

பிறகு அவித்த மீனும் உருளைக்கிழங்கும் வைத்தார். ருசியாக இருந்தது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன். "தக் ஃபோர் மாத்தன்" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம். ஒரு நோர்வேக்காரியின் வீட்டில் அதைச் சொன்னது அன்றுதான்.

மகள், குற்றம் சாப்பாட்டில் இல்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போதே ஒரு குறையைத் தேடிக்கொண்டுதான் போனேன். இறைச்சி நன்றாக இருந்திருந்தால் உட்காரத் தந்த கதிரையில் குறை கண்டிருப்பேன். நீ என் உடம்புக்குப் பயந்துகொண்டிருந்தாய். நான் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். நம்பாவிட்டால் அப்பாவைக் கேள்.

ஈஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வா. தனியாக வரவேண்டாம், ஸ்டியானையும் கூட்டிக்கொண்டு வா. அவருக்கு ஹோலில் படுக்கை போடலாம் என்று அப்பா சொல்கிறார். வர மனமில்லையென்றால், வரமாட்டேன் என்றாவது ஒரு வரி எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை, எழுது.

நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அம்மா
உதயகுமாரி