கழுவ மறந்த தட்டு

மார்ச் 4
அப்பா வேலை செய்யும் பன்றிப் பண்ணையிலிருந்து, நொண்டும் தாய்ப்பன்றி ஒன்றின் முழங்கால் நீர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. கிருமி வளர்க்கும் தட்டில் பூசி இரண்டு நாள் வைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. ‘கிருமி இல்லை’ என்று எழுதினேன். நானே கையெழுத்திட்ட முதல் அறிக்கை. நகலை அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி என் பெயரை மட்டும் படித்தார்.

மார்ச் 7
கழுவ மறந்த அந்தத் தட்டு இன்குபேட்டரின் மூலையில் கிடந்தது. ஊசிமுனை அளவில் ஐந்தாறு புள்ளிகள். ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்திடம் காட்டினேன். தூசியில் வந்து விழுந்ததாக இருக்கும் என்றார்.
“போன ரிப்போர்ட் போனதுதான். புதுசா எதையும் கிளறாதே.”
சரிங்க மேடம் என்றேன். எனக்கு வேறு எதுவுமே சொல்ல வராதா?

மார்ச் 8
என் அறிக்கையைப் பார்த்ததும் பண்ணை முதலாளி மருந்தூசியை நிறுத்தி, அந்தத் தாய்ப்பன்றியை மற்ற பன்றிகளோடு அடைத்துவிட்டாராம். அப்பாவுக்குச் சிரிப்பு. “நொண்டி மகாராணிக்கு இப்ப துணை கிடைச்சிடுச்சு. எல்லாம் உன் புண்ணியம்.”
சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 15
இன்றும் சொல்லவில்லை. அந்த நகலை அப்பா அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 2
நான்கு இளம்பன்றிகளால் எழுந்து நிற்க முடியவில்லை. மகாராணியைக் கொன்றுவிட்டார்கள். அதன் முழங்காலைப் பனிக்கட்டியில் வைத்து அப்பாவே கொண்டுவந்தார்.
“நீயே பாரும்மா. உனக்குத் தெரியாததா.”
முழங்காலை அறுத்துத் திறந்தேன். நீர் தெளிவாகத்தான் இருந்தது. மூட்டின் உட்சவ்வு தடித்து, சிவந்து, பழைய கம்பளி மாதிரி. ஊசிக்கும் தப்பி, கிருமி இத்தனை நாளும் அதற்குள்தான் ஒண்டிக்கொண்டிருந்ததா? சவ்வை அரைத்துத் தட்டில் பூசினேன்.

ஏப்ரல் 8
ஆறாம் நாள். அதே புள்ளிகள். தூசியல்ல, மெதுவாக வளரும் கிருமி.
மேடத்தைக் கேட்காமல் புது அறிக்கை எழுதினேன் — மார்ச் 7 அன்றே பார்த்தேன், சொல்லவில்லை என்பதையும் சேர்த்து. முதலில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.
“அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே பிரிச்சு அடைச்சிருப்பேனே.”

ஏப்ரல் 21
பதினொரு பன்றிகளை அழித்துவிட்டார்கள். காலிக் கொட்டிலை அப்பா மூன்று நாளாகக் கழுவுகிறார். அலமாரிக் கதவில் பசையின் தடம் மட்டும் இருக்கிறது.
ஆய்வுக்கூடத்தில் என்னைத் தட்டு கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் ஆன தட்டுகள் கூடையில் வந்தன. ‘மூட்டு’ என்று எழுதியிருந்த நான்கை எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்குப் போனேன்.
“இதுங்கள பத்து நாள் வைக்கணும் மேடம்.”
அவர் நிமிரவில்லை. பதில் வரும்வரை அங்கேயே நின்றேன்.