மடியில் வரும் வயது

ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெரு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் புதுக் குடைகள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஜூன் வந்தால் என் கை சாக்பீஸைத் தேடுகிறது.

மதியம் விமானக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சிட்னியில் இருக்கும் மகள் கிருத்திகாவிடம் நான் மூன்று தடவை போய்வந்ததில் என் பெயரில் சேர்ந்த இலவசப் பயண மைல்கள் பிப்ரவரியோடு காலாவதி ஆகுமாம். ஒரு ஆள் ஒரு வழி போகிற அளவுக்கு இருக்கிறது. இவரிடம் காட்டினேன்.

"தீவாளிக்கு ரெண்டு பேரும் போலாம் புள்ள. ஒரு சீட்டு மிச்சம். அதுவரைக்கும் அதைத் தொடாத."

மார்ச்சில் இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு இவர் வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுதான். சரி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

கிருத்திகா கூப்பிட்டாள். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். குளியலறைக்குள் நின்று பேசுகிறாளாம். எதுக்கு கண்ணு என்றேன்.

"அம்மா, அவரு அடிக்கறாரும்மா. பாப்பா பொறந்ததுல இருந்தே."

பாஸ்போர்ட் அவர் மேசையில் பூட்டியிருக்கிறது. அவள் அட்டையில் ஒரு காபி வாங்கினாலும் அவர் போனுக்குத் தெரிந்துவிடும். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாரு. அண்ணனுக்கும் வேண்டாம். அவன் போன்ல கத்துவான், அப்புறம் எனக்குத்தான் விழும்." தண்ணீர்ச் சத்தம் நின்றது. அழைப்பும் நின்றது.

குழந்தை பிறந்த பிறகே நான் இரண்டு தடவை அந்த வீட்டில் தங்கியிருக்கிறேன். மாப்பிள்ளை மோகனசுந்தரம் 'அத்தை, நீங்க உக்காருங்க' என்று என் தட்டைக்கூட வாங்கிக் கழுவினார். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை வாடியிருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டவள் நான். என்னத்தைப் பார்த்தேன் அங்கே?

ஜூன் 20

சோறு இறங்கவில்லை. இவரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

யோசித்து யோசித்து ஒரே இடத்துக்குத்தான் வருகிறேன். பென்ஷன் கூட்டுக் கணக்கில் விழுகிறது. எடுத்தால் செய்தி இவர் போனுக்குப் போகும், காரணம் கேட்பார். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுக்கும். யாருக்கும் தெரியாமல் என் கையில் இருப்பது அந்த மைல் ஒன்றுதான்.

அதில் நான் போகலாம். போய்? ஆறு மாதம் அவர் வீட்டுச் சோற்றைத் தின்று, விசா முடிந்ததும் அவளை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

பள்ளியில் என்னிடம் ஒரு உபரிக் குடை இருக்கும். மழை நாளில் இரண்டு பிள்ளைகள் கேட்டால், அதிக தூரம் நடக்க வேண்டியவளிடம் கொடுப்பேன். இப்போதும் அதே கணக்குதான். குடை அவளுக்கு.

ஆனால் குழந்தை? இருப்பது ஒரு சீட்டு.

ஜூலை 2, புதன்

பஸ் நிலையத்துக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜினோவிடம் போனேன். எங்கள் பள்ளியில் மலையாளப் பிரிவில் படித்தவன். மகளையும் பேத்தியையும் வரவழைக்க வேண்டும் என்றதும், பேத்திக்கு இரண்டு வயது எப்போது என்றுதான் முதலில் கேட்டான். செப்டம்பர் ஒன்பது என்றேன்.

"அதுக்கு முன்னாடி வந்தா அம்மா மடியில வரலாம் டீச்சரே. தனி சீட் வேண்டா. ரெண்டு வயசு ஆயாச்சுன்னா முழு சீட். பின்னே ரெண்டாளுக்கு டீச்சருடைய மைல் காணாது."

ஆக, சந்தனாவின் பிறந்தநாளுக்குள். என்ன சொல்லி வரவழைப்பேன்?

ஜூலை 6, ஞாயிறு

விடியற்காலை பால் காய்ச்சும்போது தோன்றியது. காது குத்து!

சந்தனாவுக்கு இன்னும் மொட்டையும் போடவில்லை, காதும் குத்தவில்லை. அவர்கள் குலதெய்வம் கருப்பராயன் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கோயில் பொள்ளாச்சிப் பக்கம். தாய்மாமன், என் மகன் ஆனந்தகுமார், கோவையில். இரண்டையும் சிட்னிக்கு அனுப்ப முடியாது. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அவர் சொந்தக்காரர்களே சும்மா விடமாட்டார்கள்.

வேலந்தாவளத்தில் இருக்கும் சம்பந்தி காளியாத்தாளுக்குப் போன் செய்தேன். "நானே கேக்கோணும்னு இருந்தனுங்க. ஆடி போகட்டும், ஆவணி வளர்பிறையில வெச்சுக்கலாம்," என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

இவர்தான் முகம் சுருங்கினார். "அவங்க ஊட்டு விசேசத்துக்கு உன்ற மைல் எதுக்கு? தீவாளிக்குன்னதுக்குச் சரின்னியே."

"பேத்திக்கு நம்ம சீரா இருக்கட்டுங்க," என்றேன். நாற்பது வருடத்தில் இவரிடம் சொன்ன பெரிய பொய். எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி இரண்டு. ஜினோ கூப்பிட்டான். "சீட் இப்பவே பிடிச்சு வெச்சோ டீச்சரே. ஓணம் வருது. மைல் பேங்க்ல இட்ட பணம் மாதிரி அல்ல, கம்பெனி நினைச்சா ஒரு ராத்திரியில ரேட் ஏத்தும்."

இவர் காதில் விழுந்துவிட்டது. "ஆடியில நல்ல காரியத்துக்குச் சீட்டுப் போடறதா? மாசம் பொறக்கட்டும்."

எனக்கும் மனது இடறியது. இது மட்டும் தப்பாகப் போய்விடக் கூடாது, எந்தக் குறையும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று. ஆவணி ஒன்றாம் தேதி போட்டுக்கொள்கிறேன் என்று ஜினோவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஏறிவிட்டது.

நேற்றிலிருந்து புது ரேட். என்னிடம் இருப்பது இனி ஒரு சீட்டுக்குக்கூடப் போதாது. ஜினோ திட்டவில்லை, டீ வாங்கி வைத்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

கிரகணம் என்றால் என்னவென்று பந்தையும் டார்ச்சையும் வைத்து எத்தனை வகுப்புக்குக் காட்டியிருப்பேன். பயப்படாதீர்கள், நிழல்தான் என்று. அதே வாயால் ஆடி போகட்டும் என்றேன். முதலமடை மாம்பழத்தை வைக்கோலுக்குள்ளேயே வைத்திருந்து அழுக விட்டவள் மாதிரி ஆகிவிட்டேன். என் பொண்ணுக்கு நானே— ஐயோ, நானே.

ஆகஸ்ட் 5

அவள் மூன்று நாளாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடவும் முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கூப்பிட்டாள். குரல் மட்டும். படம் போடமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜினோ ஒரு வழி சொல்கிறான். சிங்கப்பூர் வரை என் மைல் போதும். அங்கிருந்து கோவைக்கு வேறு ஒருவருடைய மைலில் எடுக்கலாம். அதே கம்பெனியில் பறந்தவராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஆள்தான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் சம்பந்தியும் முறை வைத்துக்கொண்டு போய்வந்தோம். அவர் மைல் அப்படியே இருக்கும்.

அவரிடமா கேட்பது? அவர் மகனைப் பற்றி ஒரு வார்த்தை தவறினால் எல்லாம் போச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலந்தாவளம் போய்வந்தேன். ரேட் ஏறிவிட்டது, பாதி வழிக்கு உங்கள் மைல் தந்தால் காது குத்து தள்ளிப்போகாது என்று பஸ்ஸிலேயே ஒப்பித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். காளியாத்தாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"திரும்பிப் போறதுக்குச் சீட்டு?"

"அது... அப்புறம் பாத்துக்கலாமுங்க சம்பந்தி."

முறத்தைக் கீழே வைத்தார். "ஏனுங் டீச்சர், அந்த ஊட்டுல நானும் ஆறு மாசம் இருந்தனுங்க. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு நாள் நடுவுல போயி நின்னேன். உனக்குத் தெரியாது, நீ தள்ளுன்னான். அவங்கப்பன் சொல்ற மாதிரியே."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எம்பட காலத்துல எனக்கு யாரு மைல் சேத்து வெச்சிருந்தா? எடுத்துக்கங்க. மறுக்கா அங்க போறதுக்குன்னுதான் வெச்சிருந்தேன். அவன் மொகத்தைப் பாக்க இனிப் போறதாட்ட இல்லை."

பாஸ்போர்ட்டுக்கும் அவரே வழி செய்தார். என் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டார். "கருப்பராயன் கனவுல வந்து கேக்கறாருடா. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பொறுப்பு." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கனவெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சாமி கோவிச்சுக்காது."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். உளுந்தில் ஒரு காக்கை வந்து கொத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மாப்பிள்ளை சம்மதித்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார், அவருக்கு லீவு இல்லையாம். சீட்டுப் போட்டாயிற்று. ஆடியிலேயே. சீட்டுக்கான வரிப் பணம் "பின்னே தந்தா மதி", அப்புறம் கொடுத்தால் போதும் என்றான் ஜினோ.

ஆகஸ்ட் 23, சனி

இந்நேரம் விமானம் ஏறியிருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் மாப்பிள்ளை மனம் மாறினால்? கதவைப் பூட்டிவிட்டால்? போன் சார்ஜில் இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

கோவை விமான நிலையத்தில் சந்தனா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை வாங்கப்போன இவர் கிருத்திகாவின் முழங்கையைப் பார்த்தார். வெயிலில் நின்றபடியே தன் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார். வண்டியில் ஊர் வரும்வரை என் கையைப் பிடித்திருந்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காது குத்து முடிந்தது. சந்தனா அழுத அழுகையில் ஆனந்தகுமாரும் அழுதுவிட்டான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது, நாளை சொல்லவேண்டும். பந்தியில் யாரோ, பொண்ணு எப்பத் திரும்பறா என்று கேட்டார்கள். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த காளியாத்தாள் திரும்பாமலே சொன்னார்: "காதுப் புண்ணு ஆறட்டுமுங்க."

நவம்பர் 3, திங்கள்

தீபாவளிக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. கிருத்திகா பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை கூப்பிட்டால் அவர் அம்மாதான் பேசுகிறார்.

காலையில் விமானக் கம்பெனிச் செய்தி: என் கணக்கில் மைல் ஒன்றும் இல்லையாம். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நல்லாத்தான் செலவாயிருக்குது," என்றார்.

சாயங்காலம் வேலந்தாவளத்தில் ஒரு வளைகாப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் காளியாத்தாளைக் கேட்டார். "மருமகளும் பேத்தியும் இன்னும் போகலீங்களா?"

"காது ஆறோணுமல்லங்க," என்றார் காளியாத்தாள். அவர் மடியில் சந்தனா, புது ஜிமிக்கி ஆட ஆட லட்டு தின்றுகொண்டிருந்தாள்.