இடக்கைப் பக்கம் ஒரு பிரேக்

டென் ஸ்லீப், வயோமிங்
ஆகஸ்ட் 28

அன்புள்ள கொரின்,

இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நாயும் அப்படியே. உன் கடிதம் வந்தது. அறுபதடி நீளப் பேருந்து, நடுவில் மடிந்து திரும்பும், சியாட்டில் மழையில் அதைத்தான் ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். அவர் "ம்" என்றால் காதில் விழுந்தது என்று பொருள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத இந்த ஏழு வருஷத்தில் உன்னைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அவர் ஒரு "ம்"மோடு நிறுத்திக்கொள்வதும், அடுத்த கடிதம் எப்போது வரும் என்று தபால்காரரிடம் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது புல் அறுப்பு முடிந்தது. வேட்டைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் எட்டுக் குதிரைகளும் மேலே முகாமில் நிற்கின்றன. அக்டோபர் நடுவில் பனி விழுந்து காட்டுச் சாலையை அடைப்பதற்குள், நாலு நாலாக இரண்டு நடையில் கீழே இறக்கியாக வேண்டும். எப்போதும் செய்வதுதான். இந்த வருஷம் அதில் ஒரு சிக்கல்.

போன வாரம் அப்பா ஒன்பதாவதை, நொண்டிப் பெட்டைக் குதிரை பிஸ்கட்டை மட்டும், வைத்தியத்துக்காக இறக்கிக்கொண்டு வந்தார். மலையிறக்கத்தில் குதிரை ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து டிரக்கைத் தள்ளியிருக்கிறது. டிரெய்லருக்கு மட்டும் தனியாகப் பிரேக் கொடுக்க டிரக்கில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், அதன் லிவரை அவர் சமயத்தில் அமுக்கவில்லை. பிஸ்கட் உள்ளே விழுந்து இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. வைத்தியத்துக்குப் போன குதிரைக்கு இரண்டு வைத்தியம் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும், "ஒயர் துருப்பிடிச்சுப் போச்சு. பெட்டி செத்துடுச்சு" என்றார்.

உதிரிபாகக் கடை லைல் வந்து ஒரு காலைப் பொழுது முழுக்கச் சோதித்தார். அப்பா களஞ்சியத்துக்குள் போன நேரம் பார்த்து என்னிடம், "ஆர்டிஸ், ஒயர் பழசுதான், ஆனா ஒரு குறையும் இல்ல. நானா இருந்தா பெட்டியச் சந்தேகப்பட மாட்டேன்" என்றார். வேறு எதைச் சந்தேகப்படுவார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஆகையால் எழுதுகிறேன். பிப்ரவரியில் அவர் களஞ்சியத்தில் விழுந்தார். மூளையில் சின்ன இரத்தக் கட்டு என்றார் டாக்டர். பேச்சு இரண்டே நாளில் திரும்பிவிட்டது, வம்பு பேச்சும் கூடவே. வலது கை சரியாகிவிட்டது என்று அவர் சொல்கிறார். காப்பிக் கோப்பையை இடக்கையால் எடுக்கிறார்.

உன் அப்பா வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டட்டும் என்று விடவும் பயமாக இருக்கிறது. என் கண் இருக்கிற இலட்சணத்தில் நான் தபால் பெட்டி வரைக்கும் ஓட்டினாலே அதிகம். இந்தப் பருவத்தில் ஊரில் குதிரை டிரெய்லரை மலையில் ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் அவனவன் முகாமில் கிடக்கிறான். ஆக, இப்போது வீட்டில் நடக்கிற சண்டை, எந்தப் பெட்டி வாங்குவது என்பதுதான். கையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.

லைல் இரண்டு வகை காட்டினார். ஒன்று, நம் பழையதைப் போலவே டிரக்கில் திருகி, ஒயர் இழுத்து மாட்டுவது. மற்றது ஒயரில்லாதது. பெட்டி டிரெய்லரில் இருக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். எந்த டிரக்கிலும் பூட்டலாம். கடையில் காப்பிக்குக் கூடும் ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்சி. அப்பா, "ஊட்டுல டிவி ரிமோட்டத் தேடவே உனக்கு அரை மணி நேரம் ஆவுது. மலையிறக்கத்துல எங்கேன்னு தேடுவ?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "தேடுறது நீ, வெண்டெல். எடுத்துக் குடுக்கறது நான்" என்றேன். லைல் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

எனக்குப் பிடித்தது ஒயரில்லாததுதான். ஏன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த ரிமோட்டை ஓட்டுகிறவர்தான் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும் வைத்திருக்கலாம்.

மழைக்கோட்டு இல்லாமல் வேலைக்குப் போகாதே.

அம்மா


டென் ஸ்லீப்
செப்டம்பர் 21

அன்புள்ள கொரின்,

நீ உடனே போன் செய்து அவரிடம் எதையும் கேட்டுவிடவில்லை. அதற்கு நன்றி. கேட்டிருந்தால் என்னை ஒரு வாரம் சும்மா விட்டிருக்க மாட்டார்.

ஒயரில்லாததைத்தான் வாங்கினோம். எப்படி ஒத்துக்கொண்டார் என்றால், நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் பீன்ஸ் மட்டும் சமைத்தேன். மூன்றாம் நாள், "சரி, அந்தப் பொம்மையவே வாங்கு" என்றார். லைல் வந்து டிரெய்லரில் மாட்டிக் கொடுத்தார். நேற்று முன்தினம் முதல் நடை, நாலு குதிரைகள். அப்பா ஸ்டியரிங்கில், ரிமோட் என் மடியில்.

மலையிறக்கம் முழுக்க அவர் அதிகாரம்தான். "இப்ப அமுக்கு." "அமுக்கிட்டேன்." "விடு." "விட்டுட்டேன்." "எங்க விட்ட? இன்னும் இழுக்குதே!" கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னதுதான் சரி. நான் விடவில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், பின்னால் நாலு குதிரைகளின் கனம். பயத்தில் கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் ஒட்டிக்கொண்டது. விட்டேன் விட்டேன் என்று வாய்தான் சொன்னது.

பாதி மலையில் வண்டி ஒதுக்கும் இடம் உனக்குத் தெரியும். அந்த இடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வலப்பக்கத்து லிவரை நீ இடக்கையை வளைத்துத் தேடினாய் என்று, முகாம்காரர்கள் ஆறு பேர் பார்க்க, "இடதுகைக்காரிக்கு இந்த வண்டி தோதுப்படாது, எறங்கு" என்று ஏழு வருஷத்துக்கு முன் அப்பா உன்னை இறக்கிவிட்டது அங்கேதான். அன்றைக்கே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குதிரைகளைப் பார்ப்பதுபோல் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

நேற்று முன்தினமும் எல்லாரும் செய்வதுபோல் அங்கே நிறுத்தினோம். அப்பா இறங்கி வழக்கப்படி டிரெய்லரைச் சுற்றி வந்தார், சக்கரம் சக்கரமாக நடுவிலிருக்கும் இரும்புக் குடத்தில் கை வைத்துச் சூடு பார்க்க. சின்ன வயதிலிருந்தே நீ பார்த்ததுதானே. தொட்ட நொடியில் எல்லாரும் கையை உதறிக்கொண்டு நாலு கெட்ட வார்த்தை சொல்வார்கள். எந்தச் சக்கரத்துக்கு அதிக வசவு விழுகிறதோ அந்தப் பிரேக் இழுக்கிறது என்று கணக்கு.

அவர் வலது உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். குதிரைகளைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். நான் இந்தப் பக்கத்துச் சக்கரத்தின் கிட்டே போனேன், தொடவே முடியவில்லை, முகத்தில் அனல் அடித்தது. "வெண்டெல், கைய எடு" என்று கத்தினேன். "என்னத்துக்கு?" என்று கேட்டார். நான்தான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளங்கை வெந்திருந்தது. அதை அவர் யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரில் முக்கிவைத்தேன். சோடா டின்களுக்கு நடுவே கையை விட்டுக்கொண்டு டிரக் படியில் உட்கார்ந்து, "பிப்ரவரியிலேருந்தே இது என்னோடது இல்ல, ஆர்டிஸ்" என்றார். "தெரியும்" என்றேன். "தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார். சக்கரத்தை அந்த அளவுக்குக் காய வைத்தது என் கட்டைவிரல்தான். அதையும் அவரிடம் சொன்னேன். "நல்லா அமுக்கற பிரேக்தான், விடத்தான் தெரியல" என்றார்.

சக்கரங்கள் ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மீதி மலையை இடக்கையால் மட்டும், முதல் கியரில், ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். நாலு குதிரைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. கொட்டிலில் கட்டிவிட்டு, டிரக் சாவியை அவர் எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டாமல் சமையலறை மேஜையில் வைத்தார். இனிமேல் ஓட்டமாட்டேன் என்று சொல்லவில்லை.

மேலே இன்னும் நாலு குதிரைகள் இருக்கின்றன.

அம்மா


டென் ஸ்லீப்
அக்டோபர் 3

அன்புள்ள கொரின்,

கை ஆறி வருகிறது. புதுத் தோல் வரும், உணர்ச்சி வராது என்கிறார் டாக்டர். பிஸ்கட்டின் முட்டிகளில் முடி முளைத்துவிட்டது. பதினைந்தாம் தேதிக்கு முன் பெரிய பனி இருக்காது என்று வானொலியில் சொன்னார்கள். முகாமுக்குப் போன் செய்து நாலையும் விற்றுவிடு என்று சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அதில் உன் டோமினோவும் ஒன்று. அப்பா எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டார்.

இந்தக் கடிதம் எழுத வேறு காரணம். செவ்வாய்க்கிழமை நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். திரும்பி வந்தால், வாசலில் லைலின் வேன். டிரக்குக்குள்ளிருந்து லைலின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். ஒயர்ப் பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கொதித்துவிட்டது. "ஒரு கை வெந்தது பத்தலையா? மறுபடி ஓட்டப் போறியா? என்னையும் சேத்துப் பள்ளத்துல தள்ளு, நிம்மதியாப் போயிடலாம்" என்று லைல் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன். லைல் கருவிகளை அள்ளிக்கொண்டு, போகிற போக்கில், "உள்ள பாத்துட்டு அப்புறம் திட்டு, ஆர்டிஸ்" என்றார்.

இரண்டு நாள் பார்க்கவில்லை. கோபம். வியாழக்கிழமை நாயின் கழுத்துப்பட்டையைத் தேடி டிரக்கைத் திறந்தேன். பழைய பெட்டி இருந்த இடத்தில், ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. புதுப் பெட்டியை இடப்பக்கம், கதவோரம் மாட்டியிருக்கிறார்கள். வலது கை போய்விட்டதே, இனி இடக்கையால் ஓட்டத் திட்டம் போலிருக்கிறது, கிழவனுக்கு இன்னும் புத்தி வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டுவதற்கு வசதியாக ஏறி உட்கார்ந்தேன்.

முட்டி இடித்தது. இருக்கையை அதன் தடத்தில் ஐந்து பல் முன்னால் நகர்த்திவைத்திருக்கிறார். அவர் அதில் காலை மடக்கி நுழையவே முடியாது. என் காலுக்கும் அது கிட்டம். கண்ணாடிகள் எல்லாம் கீழே சாய்ந்திருக்கின்றன. அப்படியே உட்கார்ந்துகொண்டு யோசித்தேன், இந்த வீட்டில் ஐந்தடி இரண்டங்குலம் யார், இடக்கையால் எதையும் தேடுகிறவள் யார் என்று. அப்புறம் அழுதேன். நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

வீட்டுக்குள் போய், "அந்தப் பெட்டி யாருக்கு?" என்று கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒயர்ப் பெட்டிதான் நல்லது. ஓட்டறவங்க கைக்கு ஏத்த எடத்துல மாட்டிக்கலாம்" என்றார். பக்கம் புரட்டினார். பிறகு, "அறுவதடி வண்டிய மடிச்சு மடிச்சு ஓட்றவளுக்கு நாலு குதிர ஒரு பாரமா" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடமிருந்து வராது, கொரின். ஏழு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டேன். மன்னிப்பு என்கிற வார்த்தை வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்கும். அவரிடம் இருந்தது லைலின் கடைக் கணக்கும் ஒரு திருகாணித் திருப்பியும்தான்.

உனக்கு விடுப்பு கிடைக்குமா, உனக்கு மனசு வருமா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆறு பேர் முன்னால் இறங்கியவள் நீ. ஆனால் வரக்கூடுமானால் பன்னிரண்டாம் தேதிக்குள் வா. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதிகாரம் செய்வார், நான் பின்னிருக்கையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வேன். இல்லை, இந்த முறை மூட மாட்டேன், வேண்டுமானால் நானும் சேர்ந்து கத்துகிறேன். பாதி மலையில் நிறுத்திச் சக்கரச் சூட்டை நீ பார். தொட்டதும் கையை எடுத்துவிடு.

நல்ல சாலையும் வறண்ட வானமும் உனக்கு அமையட்டும், மகளே. டிரக்கைக் கொட்டகைக்குள் விடுவதற்காக நேற்று லைல் வந்தார். இருக்கையைப் பின்னால் தள்ளப் போனவரை அப்பா தடுத்துவிட்டார். ஆறடி லைல், முட்டி காதைத் தொட, அப்படியேதான் ஓட்டிக்கொண்டு போனார்.

உன் அம்மா
ஆர்டிஸ்