குடல் காலியாக இருக்க வேண்டுமாம்

லுசாகா
4 ஆகஸ்ட் 2009

என் சோல்வேயின் அம்மாவுக்கு,

நீயும் மாடுகளும் நலந்தானே? ஆஸ்பத்திரி அறையில் இன்னும் மூன்று நோயாளிகள் இருக்கிறார்கள், ஃபோனில் இதைப் பேச நாக்கு கூசுகிறது. அதனால்தான் எழுதி, சோமாவுக்கு வரும் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புராஸ்டேட் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன்பு உள்ளே படம் எடுப்பார்களாம். குடல் காலியாகவும் மூத்திரப்பை முட்டியும் இருக்க வேண்டுமாம். இன்று படுக்கவைத்துப் பார்த்த பெண்ணுக்கு நம் மகள் சோல்வேயின் வயதுதான் இருக்கும். எல்லார் காதிலும் விழும்படி, "தாத்தா, உள்ள ஒரே காத்தும் மலமுமா இருக்கு. எனிமா வெச்சுக்கிட்டு இன்னொரு நாள் வாங்க" என்றாள். எழுந்தேன். அடக்கிவைத்திருந்த மூத்திரம் கால்வழியே போய்விட்டது. அவளேதான் துடைத்தாள். அந்த வாடை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது எத்தனை பசுக்களுக்குள் தோள்வரை கை விட்டிருப்பேன்! ஒருநாளும் குமட்டியதில்லை. இப்போது என் உடம்பைத் தொடவே எனக்குக் குமட்டுகிறது. என் பின்னால் குழாய் சொருக யாரையும் விடமாட்டேன். வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறேன்.

உன்
ஹமூங்கா

சோமா
6 ஆகஸ்ட்

சோல்வே அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கடிதம் வந்தபோது உங்கள் தம்பி மைன்சா இங்கேதான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "சீ! ஆம்பளை இதுக்கெல்லாம் சம்மதிப்பானா? பேசாம வரச் சொல்லுங்க அண்ணி, நாம வேர் இடிச்சுக் குடுப்போம்" என்றார்.

சொல்லிவிட்டு நேரே தொழுவத்துக்குப் போய் உங்கள் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். திரும்பி வந்து என்னையும் அப்படித்தான் பார்த்தார், மேலிருந்து கீழே. "கவலைப்படாதீங்க, உங்களை நான் கைவிட மாட்டேன்" என்று இளித்தார். வாயில் பீர் நாற்றம். கொல்லைக்குப் போய் வாந்தியெடுத்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் போய்ச்சேர்ந்தால் மாடுகளும் அவருக்கு, நானும் அவருக்கு. எனிமாவா அருவருப்பு? துடைத்த பெண் கையைக் கழுவிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருப்பாள். நீங்கள்தான் இன்னும் மோந்துகொண்டு கிடக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தால் கதவு திறக்க மாட்டேன்.

முட்டிண்டா

லுசாகா
11 ஆகஸ்ட்

முட்டிண்டா,

நான் பஸ் ஏறவில்லை.

வாயு உண்டாக்கும் பீன்ஸையும் புளித்த பாலையும் நிறுத்தினேன். இன்று காலை எனிமா வைத்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கழிப்பறைக்கு ஓடுவதற்குள் பாதி வழியிலேயே ஆகிவிட்டது. நாற்றத்தில் எனக்கே வாந்தி வந்தது. பிறகு தண்ணீராகக் குடித்து, அடக்கிக்கொண்டு போய்ப் படுத்தேன். "இப்ப சரியா இருக்கு தாத்தா, அசையாதீங்க" என்றாள் அதே பெண். படம் எடுத்துவிட்டு, கதிர் படவேண்டிய இடம் தெரிய இடுப்பில் மூன்று இடத்தில் ஊசியால் கறுப்புப் புள்ளி குத்தினாள். அடுத்த வாரம் கதிர் வைக்கத் தொடங்குகிறார்கள்.

அருவருப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மைன்சாவின் வாய் உன் முகத்தருகே வந்ததை நினைத்தால் குமட்டுகிற குமட்டலுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மாடுகளைச் சோல்வேயிடம் ஒப்படைத்துவிட்டு சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. நான் சிந்துவேன், நாறுவேன். நீ பார்த்தாலும் பரவாயில்லை.

ஹமூங்கா