கல்யாணப் பத்திரிகை நுழையும் இடைவெளி

பிப்ரவரி 9, ஞாயிறு

இல்லை, படகைப் பிரிக்கப் பயம் என்று சொல்ல முடியாது. பயம் என்றால் பலகையைத் தாங்கும் ஆணியை நான் உருவியிருக்க மாட்டேன். படகை டயர்களின் மேல் ஒருக்களித்துச் சாய்த்திருந்தோம். அவன் அடிப்பக்கம் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே குனிந்து சுத்தியலால் தட்டியது நான். ஆணி வந்தது. பின்னாலேயே பலகையும் வந்தது, அவன் மடியில்.

படகின் நடுவில், வயிற்றுக்குள், ஒடுங்கிய ஒரு பெட்டி. அதற்குள்ளிருந்து கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீருக்குள் இறங்குவது இந்த நடுப்பலகை. கரைக்கு வரும்போது மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். அது இறங்காவிட்டால் பாய் இருந்தும் பயனில்லை. காற்று படகை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். ஒரு மாதமாக அப்படித்தான் போனது.

காரணம் மூன்று கிடைத்தது. பெட்டிக்குள் ஒரு கூழாங்கல். வாயில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை கிழிந்து உள்ளே மடிந்திருந்தது. பலகையின் பெயின்ட் பொரிந்து, மரம் தண்ணீர் குடித்து, புடைத்திருந்தது.

சுரண்டி முடித்ததும் இடைவெளி பார்த்தான். அளவுகோலாக அவன் கொண்டுவந்திருந்தது எங்கள் கல்யாணப் பத்திரிகை. மீந்துபோன கட்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பத்திரிகை நுழைந்தது. மரம் காய்ந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகும். பெயின்ட் ஒன்றைத் தின்னும். ஒன்று மிஞ்சும். அது போதுமாம்.

"வராதவங்க பத்திரிகை இப்பவாவது உதவுது பாரு" என்றான்.

பிறகு, பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நான் போயிட்டா ஒரு வருஷம் இது சும்மா கிடக்கும். வித்துடலாமா?"

அவன் வேலை லிஃப்ட் பொருத்துவது. வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை கட்டுகிறார்கள். மார்ச் கடைசியில் போகிறான்.

"சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன்? அவன் குரலில் முடிவு இருந்தது. இருந்ததா, நான் போட்டுக்கொண்டேனா.

பிப்ரவரி 10

பலகை இப்போது மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காய வேண்டும்.

அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவனுடைய அம்மா. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான், விசில் இன்னும் கழுத்தில்.

"படகுக்கு நடுவுல ஓட்டை போட்டு, அதுல ஒரு பலகையை வேற விட்டிருக்காங்களா? எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை?"

"அது இருந்தாதான் அத்தை படகு நேராப் போகும்."

"நேராப் போறதுக்கு ஓட்டையா?" விசிலால் பலகையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம்தான். இதையா விக்கப் போறீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காய்ந்துவிட்டது. தட்டினால் வேறு சத்தம்.

இரண்டு கோட் வெள்ளை அடித்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் பலகை, முகம் தெரியாது. தூரிகைச் சத்தம் மட்டும். அவன் சத்தம் மேலிருந்து கீழே, சீராக. என்னுடையது பிழை திருத்துகிறவளின் தூரிகை, ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. (பதிப்பகத்தில் நாளெல்லாம் அதுதானே வேலை.)

இடையில் பலகைக்கு மேலாக ஒரு கை வந்து என் மூக்கில் வெள்ளை வைத்துவிட்டுப் போனது. திட்டினேன். அழிக்கவில்லை, இரவு சாப்பிடும் வரை.

பல் டாக்டர் ஒருவர் படகைக் கேட்டிருக்கிறாராம். மார்ச் இரண்டாம் தேதி வந்து ஓட்டிப் பார்ப்பார்.

பிப்ரவரி 19

அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வந்துவிட்டேன். அத்தை கடைக்குப் போயிருந்தார். மாடிப்படிக்குக் கீழே யாருமில்லை. பெயின்ட் டப்பா இருந்தது.

ஒரு கோட் அடித்தேன். இரண்டு பக்கமும், விளிம்பும்.

யாருக்காக? அந்தப் பல் டாக்டருக்காக இல்லை. இந்தப் பலகைதான் என்னை முதன்முதலாக நேராகக் கொண்டுபோனது. முதல் நாள் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்து, திரும்பியே பார்க்காமல், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அந்த முதுகு. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏரியைக் கடந்தேன்.

அவனிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் விற்க மனமில்லையா என்று கேட்பான்.

ஒரு கோட்டில் என்ன ஆகிவிடப் போகிறது.

பிப்ரவரி 22

பலகை நேற்றைவிட வெள்ளையாகத் தெரிகிறது. வெயிலாக இருக்கும்.

பிப்ரவரி 25

படியெங்கும் பெயின்ட் வாசம் போகவே மாட்டேன் என்கிறது. அத்தையிடம் சொன்னேன். "நல்ல பெயின்ட்னா அப்படித்தான் இருக்கும்" என்றார், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

மார்ச் 1, சனி

படகுக் கொட்டகையில் பலகையை மாட்டினோம். ஆணி, இரண்டு பக்கமும் புது வாஷர், புது ரப்பர் பட்டை, புதுக் கயிறு. உள்ளே ஏற்றும்போது உரசியது. உள்ளங்கையால் குத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

"புது ரப்பர். அதான் இறுக்கம். தண்ணில இறங்கினா சரியாயிடும்" என்றான்.

மீண்டும் பத்திரிகை விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. சொல்லவில்லை. அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். பையிலிருந்து எடுத்தான், திரும்ப உள்ளே வைத்தான். ஏன்?

மார்ச் 2, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது.

பல் டாக்டர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். முழங்கால் வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி கண் மின்ன ஏறி உட்கார்ந்தார். அத்தை கரையில், குடையோடு. நான் சுக்கானில். அவன் பலகைக் கயிற்றில்.

ஆழத்துக்கு வந்ததும் "இறக்குங்க" என்றேன். அத்தையின் காதில் விழும் தூரத்தில் நான் அவனை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவது. கல்யாணத்திலிருந்து அப்படி.

கயிற்றைத் தளர்த்தினான். பலகை பாதி இறங்கியது. நின்றது.

"இறங்கலை."

"ஆட்டிப் பாருங்க."

"ஆட்டறேன். அசையலை."

காற்று பிடித்தது. பாய் புடைத்தது. படகு முன்னால் போவதற்குப் பதில் பக்கமாக, நாணல் பக்கமாக. கரையிலிருந்து விசில். ஒன்று. இன்னொன்று. பல் டாக்டர் "இது இப்படித்தான் போகுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"டேய், பாயை விடுடா! பலகையை அப்புறம் பாரு, பாயை விடு!"

நான் கத்தியது ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். நாணலில் போய்ச் செருகி நின்றோம். ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் இறக்குகிறவன் ஒரு பலகையை இறக்க முடியாமல், நனைந்துபோய், என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும்தான்.

கரைக்கு வந்ததும் பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து தன் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். நீளக் காம்பு வைத்தது. பெட்டி வாயில் விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சொத்தை எதுவும் இல்லை. ஆனா கடைவாய் நெருக்கமா இருக்கு" என்றார். "சரி பண்ணி வைங்க. அடுத்த ஞாயிறு வர்றேன். எனக்குப் பிடிச்சிருக்கு."

பிடித்திருக்கிறதாம்.

அத்தையின் முகத்தைப் பார்க்கவே கூச்சம். வீட்டுக்கு வரும் வழியில் அவரே தொடங்கினார். "நான் இல்லாதப்ப 'டா' போட்டுத்தான் கூப்பிடுவியா?"

"...ஆமா அத்தை."

"நல்லது. ரெண்டு வருஷமா நீ வாங்க போங்கன்னு சொல்றப்பல்லாம், வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளி யாருன்னு தேடிட்டு இருந்தேன்."

மார்ச் 4

பலகையைச் சரிசெய்தால் படகு போய்விடும். செய்யாவிட்டால் இருக்கும், ஓடாமல்.

ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும். யாரும் உப்புத்தாளைத் தொடவில்லை. அவன் பயணப் பெட்டியைக் கட்டுகிறான், பிரிக்கிறான்.

மார்ச் 6

வேலை முடிந்து கொட்டகைக்குப் போனோம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தோம். ஆணியை உருவி மேசைமேல் உருட்டினான். நேராக உருண்டது, வளைவில்லை. பெட்டிக்குள் கம்பி விட்டுத் துழாவினேன். கல் இல்லை. ரப்பர் பட்டையை உரித்தெடுத்தோம். அப்படியும் நெருக்கம்.

கடைசியில் பத்திரிகை. ஒன்றுகூட நுழையவில்லை. விளிம்பில் மடங்கி நின்றுவிட்டது.

"தண்ணி குடிச்சிருக்குமோ?" என்றேன்.

"காஞ்ச மரம். நாலு நாள்ல இவ்வளவு குடிக்காது."

"அப்ப பெயின்ட்."

"ரெண்டு கோட்டுக்கு இவ்வளவா?" என்றான். கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, வெளியே போய்விட்டான்.

மூன்று, என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பலகையை வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

மார்ச் 8, சனி

தேய்த்தோம்.

மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஸ்டூல் மேல் பலகையைப் படுக்க வைத்து. அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. அத்தை படியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாக இல்லை, ஆனால் பக்கம் திருப்பவே இல்லை.

முதலில் வெள்ளை. பிறகு, என் கைக்கு அடியில், சாம்பல் நிறம்.

நாங்கள் சாம்பல் அடிக்கவே இல்லை.

நிறுத்தினேன். அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான், ரொம்ப மும்முரமாக. காது சிவந்திருந்தது.

"சாம்பல் எங்கேருந்து வந்துச்சு?"

"அது... எங்க கம்பெனி பிரைமர். லிஃப்ட் தண்டவாளத்துக்கு அடிக்கிறது. துருவே பிடிக்காது."

"மரத்துக்கு எதுக்குடா துரு?"

"அடிக்கணும்னு தோணிச்சு. அதுமேல ஒரு வெள்ளையும். நீ ஆபீஸ்ல இருந்தப்ப." உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தான். "எவனோ ஓட்டப் போறான், ஒழுங்கா இருக்கட்டுமேன்னு."

நான் அடித்த ஒரு கோட்டைப் பற்றிச் சொன்னேன். என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் திரும்பத் தேய்த்தோம். சாம்பலுக்கு அடியில் வெள்ளை. என்னுடையது. அதற்கு அடியில்... சிவப்பு. செங்கல் சிவப்பு. கம்பி கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் படியைப் பார்த்தோம்.

நாளிதழ் மெல்ல உயர்ந்து முகத்தை மறைத்தது.

"அம்மா."

"பிரைமர் அடிக்காம யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" நாளிதழுக்குள்ளிருந்து. "பள்ளிக்கூடத்துல கோல் போஸ்ட்டுக்கு வருஷா வருஷம் நான்தான் அடிச்சேன். ஒண்ணாவது விழுந்துச்சா? காலையில சிவப்பு, மதியானம் வெள்ளை. நல்லா கெட்டியா. நீங்க வர்றதுக்குள்ள காஞ்சிடுச்சு."

"எதுக்கு அத்தை?"

நாளிதழ் இறங்கியது. "வேற வீட்டுக்குப் போகப் போகுதேன்னு. ஏன், நீங்க எதுக்கு அடிச்சீங்க?"

விளிம்பில் கோடு கோடாகத் தெரிந்தது: வெள்ளை, சாம்பல், வெள்ளை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல். அச்சுப் பிழை பார்க்கிற என் கண் இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

அத்தைதான் முதலில் கேட்டார். "விக்கணும்னு யாருதான் சொன்னது?"

"அவதான் சரின்னா" என்றான்.

"நீதான்டா கேட்ட!"

"நீ வேண்டாம்பேன்னு நினைச்சுக் கேட்டேன். நீ உடனே சரின்னுட்ட. தனியா ஓட்ட உனக்குப் பிடிக்கலையோன்னு..."

"உனக்குப் பாரம்னு நினைச்சேன்."

"எனக்கா? அது நீ ஓட்டற படகு. நான் கடலை உரிக்கிறவன்."

அத்தை விசிலை எடுத்து ஊதினார். படிக்குள் காது அடைத்தது. "ஆட்டம் முடிஞ்சுது. டாக்டருக்குப் போனைப் போடு."

போட்டேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. "நினைச்சேன். அன்னைக்கு நாணல்ல செருகிக் கரைக்கு வந்ததும் மூணு பேர் முகத்துலயும் ஒரு நிம்மதி தெரிஞ்சுது" என்றார். ஒரு நாள் தன்னை ஏற்றிக்கொண்டு போனால் போதுமாம்.

மார்ச் 15

மரம் வரை தேய்த்து, புதிதாக இரண்டே கோட். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்று அடித்தோம். டப்பா மூடியை அத்தை சுத்தியலால் அறைந்து மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை விசில் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

பத்திரிகை நுழைகிறது. பக்கத்துக்கு ஒன்று.

மார்ச் 29

போய்விட்டான். பல் தேய்க்கும் தூரிகையை மறந்துவிட்டு. வேண்டுமென்றேதானோ?

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். கொட்டகைக்கு வந்தால் அத்தை மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார், விசில் வெளியே தெரிய. தண்ணீர் என்றால் குடிப்பதோடு சரி என்கிறவர்.

"கயிறு பிடிக்க ஆள் வேணும்ல."

ஆழத்துக்கு வந்ததும் "விடுங்க அத்தை" என்றேன். விட்டார். தண்ணீருக்குள் டொக் என்று ஒரு சத்தம், முழுக்க இறங்கியதற்கு. படகு ஒரு கணம் தயங்கி, பிறகு நிமிர்ந்து, நேராகப் போனது. அத்தை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு அப்படியே அவனுடையது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

திரும்பும்போது ஒரு முறை சிக்கியது. பாயைத் தளர்த்திவிட்டு, கயிற்றை மேலே ஒரு இழு, கீழே ஒரு விடு. உள்ளே மாட்டியிருந்த கூழாங்கல் தானாக விழுந்தது. அத்தை கைதட்டினார்.

கரையேறி, பெட்டிக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவினேன். பலகையை மேலே இழுத்துக் கட்டினேன். பத்திரிகையை விட்டுப் பார்த்தேன். அது நனைந்துவிட்டது. காயவைத்து, மடித்து, ஒரு உறையில் போட்டு அவன் முகவரி எழுதினேன்.