காப்பு கட்டிய வாரத்தில் எல்லை தாண்டினோம்

ஆரணி (பொன்னேரி வட்டம்)
ஆடி 24

அன்பு மகள் பூமிகாவுக்கு அம்மா எழுதுவது. உன் பெரியப்பாவின் கோபத்தைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். ஜெர்மனியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் காலேஜ் தோழி ஃபரிஷ்தாவை ஹாஸ்டல் காலி செய்ததும் நம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னாயே, அவளுக்கு எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு திங்கள்கிழமை, இன்டர்வியூ செவ்வாய்க்கிழமை என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் அம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு கட்டினால் கூழ் ஊற்றும் வரை யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா, பெரியப்பா அரசப்பன் வாசலில் வந்து நின்று, அந்தப் பொண்ணு அடுத்த வருசம் படிச்சுக்கினா இன்னா கொறஞ்சா பூடும், ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது என்று சத்தம் போட்டார். அவள் விசா இந்த மாதத்தோடு முடிகிறது, சீட் கிடைத்தால்தான் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் ஆப்கானிஸ்தானில் ஹெராத்துக்கே திரும்ப வேண்டும், அங்கே பெண்களுக்குக் காலேஜ் கதவையே சாத்திவிட்டார்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அதற்கும் அடுத்த வருசம் என்றாரே, எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. எட்டாவது முடித்தபோது எனக்கும் அடுத்த வருசம் சேர்த்துவிடுகிறேன் என்றுதான் உன் தாத்தா சொன்னார். அந்த வருசம் இன்னும் வரவில்லை. உங்க பிள்ளை குணா கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போறானே, அவன் மட்டும் எல்லைக்குள்ளயா படுத்துக்கினு இருக்கான் என்று கேட்டேன். அது பொழப்பு என்றார். இவளுக்குப் படிப்புதான் பொழப்பு, அம்மன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அவளும் பொம்பளைதானே என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். அப்பாதான் வண்டியை எடுத்து எங்கள் இரண்டு பேரையும் பொன்னேரி ஸ்டேஷனில் விட்டு, வீட்டு விளக்கை நான் ஏத்திக்கிறேன், நீ போ என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

தண்டையார்பேட்டை அத்தை வீட்டில் இரவு தங்கினோம். திரும்பி வந்தால், கோயில் கூழுக்கு நான் கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவை வேண்டாம் என்று திருப்பி வைத்திருந்தார்கள். விடுவேனா, நம் வாசலிலேயே அடுப்பு மூட்டினேன், ஃபரிஷ்தாதான் வெங்காயம் உரித்தாள், ஸ்கூல் விட்டு வந்த பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று இரண்டு இரண்டு சொம்பு குடித்தார்கள். கடைசியில் பெரியம்மாவும் தூக்கோடு வந்தாள்.

நேற்று சீட் கிடைத்துவிட்டது. பாதுகாவலர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஹெராத்தில் ஆறாவதோடு நிறுத்தப்பட்ட அவள் தங்கை வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு எப்போது என்று அக்காவைக் கேட்டாளாம். இவள் அழுதாள். போனை வாங்கி, நீயும் கிளம்பி வாம்மா, எங்க ஊடு இருக்குது என்று தமிழிலேயே சொன்னேன். புரியாமலேயே அந்தக் குழந்தை தலையாட்டியது.

அம்மன் உன்னை நன்றாக வைத்திருப்பாள், இந்தப் பெண்ணையும்தான். தலைக்கு எண்ணெய் வை. பெரியப்பா போன் செய்தால் மரியாதையாகப் பேசு, எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா
ஜோதிலட்சுமி