திராட்சைப் பந்தலுக்காக அறுத்த விட்டம்

பிட்ஸ்பர்க்
24 ஆகஸ்ட் 1936

அன்புள்ள எதெல்கா அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கசகசா ரோல் ரயில் கிளம்புவதற்குள் தீர்ந்துவிட்டது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று அங்கே புனித இஷ்த்வான் விருந்தில் நாற்காலி எடுக்க நம் ஹங்கேரியர் சங்க மண்டபத்துக்குள் போனேன். தலை நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் இரண்டு சரிவுகளும் சுவர்களை வெளியே தள்ளிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை ஐந்து குறுக்கு விட்டங்கள். நடுவில் இரண்டைக் காணோம். ரம்பம் போட்ட முனைகள் புத்தம் புதிதாக இருக்கின்றன.

கோஸ்மா மாமாவிடம் கேட்டேன். தலைவர் அல்லவா, பெருமையாகச் சொன்னார்: "போன வருஷ அறுவடை நடனத்துல திராட்சைக் கொத்தெல்லாம் கைக்கெட்டுற உயரத்துல தொங்குச்சுடா. நின்ன இடத்துலயே பறிச்சுத் தின்னுட்டுப் போயிட்டானுங்க. திருடுறது விளையாட்டுதான், ஆனா பிடிச்சாத்தானே அபராதம், அபராதம் வந்தாத்தானே நிதிக்குக் காசு? இந்த வருஷம் பந்தலை நாலடி தூக்குறோம். இனிமே எகிறிக் குதிக்கணும், இல்ல பொண்டாட்டியைத் தோள்ல தூக்கணும். காவக்காரன் லபக்குனு பிடிச்சிடுவான்."

"அதுக்கு விட்டத்தை ஏன் மாமா அறுத்தீங்க?"

"பந்தலுக்கு இடிச்சுது."

கிழக்குச் சுவரின் மேல்பகுதி வெளியே சாய்ந்திருக்கிறது. விரிசலில் என் பென்சில் முழுசாக உள்ளே போனது. அந்தக் கூரைக்கு அடியில் முந்நூறு பேர் ஆடப்போகிறார்கள், அதில் பாதிப் பேர் பந்தலைப் பிடித்துத் தொங்கப்போகிறார்கள். மகளிர் பிரிவுத் தலைவி நீ. நிறுத்து.

உன் தம்பி,
வெண்டெல்


லொரெய்ன், ஒஹையோ
29 ஆகஸ்ட் 1936

அன்புத் தம்பி வெண்டெலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தந்தி அடிக்கிறவன் மாதிரி எழுதுகிறாய். சாப்பிடுகிறாயா, நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி இன்னும் அதே தண்ணீர் சூப்பைத்தான் ஊற்றுகிறாளா, ஒரு வரி உண்டா?

கோஸ்மா மாமாவிடம் சொன்னேன். "இருபது வருஷமா நிக்கிற கூரை, உன் தம்பி அண்ணாந்து பாத்ததும் விழுந்துடுமா?" என்கிறார். உன்னைப் பொறியியல் படிப்பில் சேர்க்கச் சங்கம் பணம் கொடுத்ததையும் கூடவே ஒரு தடவை சொன்னார். அது அவர் வழக்கம்.

ஆனால் நீ பொய் சொல்கிறவன் இல்லை. அதனால் கேள். செப்டம்பர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாதக் கூட்டம். ரயிலேறி வா. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல். பென்சிலையும் கொண்டு வந்து விரிசலில் விட்டுக் காட்டு. சும்மா "நிறுத்து" என்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

நடனம் எதற்கென்று உனக்குத் தெரியும். ஆலையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, சந்தா வருவதில்லை, நோயாளர் நிதி அக்டோபர் கடைசியோடு வறண்டுவிடும். உன் அத்தான் அம்ப்ருஷ் படுத்திருக்கும் காசநோய்ச் சானடோரியம் கட்டில் அந்த நிதியில்தான் ஓடுகிறது. நான்கு பவுண்டு எடை கூடியிருக்கிறார். இருமலில் ரத்தம் இல்லை. வசந்தம் வரை இருந்தால் நடந்தே வீட்டுக்கு வருவார் என்கிறார் டாக்டர். நவம்பரில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத மாட்டேன்.

வந்துவிடு.

அன்புடன்,
எதெல்கா


பிட்ஸ்பர்க்
8 செப்டம்பர் 1936

அக்கா,

வர முடியவில்லை. பாலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. படம் வரைந்து கோஸ்மா மாமாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. படத்தைப் பார்த்தால் புரியாதவனுக்கு நேரில் வந்து சொன்னாலும் புரியாது.

இன்று காலை அதே படத்தை நகரக் கட்டட அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர் வாயால் நீ கேட்கக்கூடாதென்று நானே சொல்கிறேன்.

வெண்டெல்


லொரெய்ன்
17 செப்டம்பர் 1936

வெண்டெலுக்கு,

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்து சூப்புக்கு நத்தைக்கூடு வடிவ நூடுல்ஸ் உருட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வந்தார்கள், ஏணி வைத்துப் பார்த்தார்கள், எங்களை ஏப்ரனோடு வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டி, யாரும் நுழையக்கூடாதென்று அறிவிப்பு அடித்துவிட்டுப் போனார்கள். மாவெல்லாம் உள்ளேயே காய்ந்து கிடக்கிறது.

கறிக்கடையில் எனக்கு வழி விடுகிறார்கள். மரியாதையால் அல்ல. "பாலம் கட்டுறவனாம்! நம்ம கூரையை இடிக்கத்தான் நாம படிக்க வெச்சோம்" என்று என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கும்படியாக. "புருஷன் கட்டிலையே தம்பி உருவிட்டான், பாவம்" என்று இன்னொருத்தி. அந்தப் பாவம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. நேற்று ஸ்லோவாக்கியர் மண்டபத்துக்குப் போனேன். ஆமாம், நமக்கு ஆகவே ஆகாத அவர்களிடம்தான். சங்கத்தில் சொன்னால் விட மாட்டார்கள் என்று தனியாகப் போனேன். அவர்கள் தலைவர் ஹுதாக் கதவைத் திறந்ததும், "என்னம்மா, ஹங்கேரிக்காரங்க சண்டைக்கு வந்தீங்களா, கடனுக்கு வந்தீங்களா?" என்றார். "நடனத்துக்கு வந்தேன்" என்றேன். அரைமணி நேரம் பேசினோம். வாடகை வேண்டாமாம். ஆனால் அவருடைய ஆட்களையும் திராட்சை திருட விட வேண்டுமாம். சம்மதித்துவிட்டேன்.

அக்டோபர் நான்காம் தேதி கூட்டத்தில் உன்னைப் பற்றித் தீர்மானம் வருகிறது.

எதெல்கா


பிட்ஸ்பர்க்
20 செப்டம்பர் 1936

அக்கா,

தீர்மானம் வரட்டும். கூரை விழுந்து செத்த முந்நூறு பேரைவிடக் கோபமாக உயிரோடு இருக்கும் முந்நூறு பேர் மேல். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அறுத்த விட்டங்களுக்குப் பதில் இரண்டு இரும்புக் கம்பிகள் போதும். நடுவில் திருகி இறுக்கும் வகை. மெல்லியவை, பந்தலுக்கு இடிக்காது. இரண்டு நாள் வேலை. படம் இத்துடன் இருக்கிறது.

அறுபது டாலரும் வைத்திருக்கிறேன். அத்தான் கட்டிலுக்கு. இதுதான் என்னால் முடிந்தது, நடனம் என்ன ஆனாலும் இரண்டு மாதம் ஓடும்.

வெண்டெல்


லொரெய்ன்
12 அக்டோபர் 1936

அன்புத் தம்பிக்கு,

முதலில் பணம். திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்ப்ருஷ் பதினோரு வருஷம் சந்தா கட்டினார். மற்றவர் படுத்தபோது அவர் காசு போனது, இப்போது அவர் படுத்திருக்கிறார். அது அவர் உரிமை. உன் பணத்தில் படுத்தால் மச்சினன் தயவில் படுத்திருப்பதாக நினைத்து அதிலேயே நான்கு பவுண்டு இளைத்துவிடுவார்.

அடுத்தது கூட்டம். தொடங்குவதற்கு முன் கோஸ்மா மாமா அதிகாரியிடம் சாவி வாங்கி, மண்டபத்துக்குள் தனியாகப் போய் ஏணியில் ஏறினாராம். விரிசலில் கையை விட்டிருக்கிறார். மணிக்கட்டு வரை போனதாம். கூட்டத்தில் வந்து, "பையன் சொன்னது நிஜம். அறுத்தது நான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனாலும் தீர்மானத்தை வாசித்தார்கள். கூட்டத்தில் சொல்லாமல் வெளி அதிகாரியைச் சங்கத்தின் மேல் ஏவிய உறுப்பினரை நீக்குவது. கோஸ்மா மாமா உனக்காகக் கை தூக்கினார். நீக்க வேண்டும் என்று முப்பத்தெட்டுப் பேர், வேண்டாம் என்று பத்தொன்பது பேர்.

அந்த முப்பத்தெட்டில் ஒரு கை என்னுடையது.

வேறு யாரும் எழுதுவதற்குள் நானே எழுதுகிறேன். கூரை விஷயத்தில் நீ சரி. அதற்காக உனக்கு நன்றிகூடச் சொல்வேன். ஆனால் அறுபது பேரிடம் பேச ஒரு ரயில் சீட்டு ஆகியிருக்கும். நீ அதிகாரிக்கு ஒரு தபால்தலை ஒட்டினாய். படம் பார்த்துப் புரியாதவர்கள் என்று எழுதினாயே, அது நாங்கள்தான், தம்பி.

சனிக்கிழமை நடனம் நடந்தது. ஸ்லோவாக்கியர்கள் திருட வரவில்லை, பிடிபடவே வந்தார்கள். ஹுதாக் மட்டும் ஏழு தடவை மாட்டினார். கோஸ்மா மாமாதான் நீதிபதி. "மறுபடியும் நீயா?" என்று அபராதத்தை ஏற்றிக்கொண்டே போனார். "ஐயா, எங்க மண்டபத்துக் கூரைக்குக் கீழ எங்களையே திருடன்கிறீங்களே!" என்று ஹுதாக் கத்த, மண்டபமே சிரித்தது. ஏப்ரல் வரைக்கும் கட்டில் உறுதி. அம்ப்ருஷிடம் சொன்னேன். "ஸ்லோவாக்கியன் காசுலயா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

உன் கம்பிப் படத்தைக் கொல்லர் பார்த்தார். செய்யலாம், ஆனால் மாட்டத் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்கிறார்.

அன்புடன்,
எதெல்கா


பிட்ஸ்பர்க்
15 அக்டோபர் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கசக்கி எறிந்தேன். மூன்றாவது தடவை, உன் இடத்தில் நான் இருந்தால் என்று பார்த்தேன். நானும் கை தூக்கியிருப்பேன், கொஞ்சம் சீக்கிரமே.

அப்படி ஒரு கூரையை இன்னொரு தடவை பார்த்தால் இன்னொரு தடவையும் எழுதுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் முதலில் ரயிலேறுவேன்.

இத்துடன் இருப்பது புது உறுப்பினர் விண்ணப்பம். கிளீவ்லாந்து கிளையில் கேட்டு வாங்கினேன். எல்லாம் நிரப்பிவிட்டேன். வயது இருபத்தாறு. தொழில் பொறியாளர். நாள்பட்ட நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு 'பொறுமை இல்லை' என்று எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் அடித்துவிடு. முன்பு எந்தச் சங்கத்திலிருந்தாவது நீக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. உண்டு, இதே சங்கத்திலிருந்து, நியாயமாக.

முன்மொழிய இரண்டு பேர் வேண்டுமாம். கோஸ்மா மாமாவிடம் நானே நேரில் கேட்கிறேன். இன்னொரு இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

நவம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு வருகிறேன். உறுப்பினரில்லை என்று உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்கிறேன். கூட்டம் முடிந்ததும் நான் கம்பி மாட்டும்போது ஏணியைப் பிடிக்க நாலு பேரை மட்டும் வெளியே அனுப்பு.

உன் தம்பி,
வெண்டெல்